புது லேப்டாப், பழைய விண்டோஸ்: கேட்டவையும் சொன்னவையும்

2007-ல் நான் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை போட்ட புதிதில், விஸ்டாவோடு வந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து "எக்ஸ்பி போட்டுக் குடுங்க" என்பார்கள். சில வருடம் கழித்து "8 வேண்டாம், 7 போடுங்க" என்றார்கள். இப்போது "11 வேண்டாம், 10 போடுங்க." ஆட்கள் மாறுகிறார்கள், கோரிக்கை மாறவில்லை. இது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: சிவகாசியில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் பழைய தமிழ் எழுத்துருக்களும்தான் பிழைப்பு. பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. 13-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப் வாங்கி, பென்டிரைவில் விண்டோஸ் 7 போட்டுப் பார்த்தால் லோகோ வரும் இடத்திலேயே உறைந்து நிற்கிறது. அதே பென்டிரைவைத் தம்பியின் சற்றுப் பழைய லேப்டாப்பில் போட்டால் மொழி கேட்கும் திரை வரை வருகிறது, ஆனால் மவுஸ் நகரவில்லை. பென்டிரைவில் கோளாறா?

பதில்: பென்டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்தவை இரண்டு வேறு வேறு தடைகள்.

முதலில் உங்கள் லேப்டாப். விண்டோஸ் 7 வந்தது 2009-ல். திரையில் படம் காட்ட அது பழைய பயாஸின், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை நிரலின், விஜிஏ வசதியை எதிர்பார்க்கிறது. பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய நிரல் வந்த பிறகும் பல வருடம் சிஎஸ்எம் என்ற பெயரில் அந்தப் பழைய வசதியை உள்ளே வைத்திருந்தார்கள். 2020-க்குள் அதை எடுத்துவிடுவோம் என்று இன்டெல் முன்பே சொல்லிவிட்டது. உங்கள் லேப்டாப்பில் அது இல்லை. அதனால்தான் லோகோவோடு நின்றுவிட்டது.

தம்பியின் லேப்டாப்பில் சிஎஸ்எம் இருக்கிறது, எனவே முதல் கதவு திறந்தது. ஆனால் இன்டெல் 6-ஆம் தலைமுறையோடு யூஎஸ்பி 2-க்கான தனிக் கட்டுப்பாட்டுச் சில்லை எடுத்துவிட்டார்கள். எல்லா யூஎஸ்பி துளையும் யூஎஸ்பி 3 வழியாகத்தான் போகிறது. விண்டோஸ் 7 டிவிடியில் அதற்கு டிரைவரே, அதாவது அதை இயக்கும் சிறு நிரலே, கிடையாது. மவுஸ் செத்துப்போகும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் "சிடி, டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை" என்று ஒரு செய்தி வரும். டிவிடியே இல்லாத லேப்டாப்பில் ஏன் அப்படிக் கேட்கிறது என்று பலரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பென்டிரைவையே அதனால் படிக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

இதையும் தாண்டினால் என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது புது லேப்டாப்களில் வரும் வேகமான சேமிப்பு டிஸ்க். அதையும் விண்டோஸ் 7-க்குத் தெரியாது. கேபி 2990941, கேபி 3087873 என்ற மைக்ரோசாஃப்டின் இரண்டு திருத்தங்களை நிறுவும் கோப்புக்குள் சேர்த்தால்தான் டிஸ்க் கண்ணில் படும். அதையும் தாண்டினால் கிராபிக்ஸ்: விண்டோஸ் 7-க்கு இன்டெல் முறையாக டிரைவர் கொடுத்தது 6-ஆம் தலைமுறை வரைதான். அதற்கு மேல் போனால் திரையின் வெளிச்சத்தைக்கூடக் குறைக்க முடியாது. மூடி வைத்தால் தூங்காது, விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் மெனக்கெட்டு இதையெல்லாம் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். கடை நடத்துகிற உங்களுக்கு அந்த ஒரு வாரம் வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது விண்டோஸ் 7 அல்ல, பேஜ்மேக்கர். அதைச் சொன்னபடி கேட்கவைக்க இரண்டு வழி. முதலில் விண்டோஸ் 11-லேயே நிறுவிப் பாருங்கள். அது 32-பிட் நிரல். பொருத்தப் பயன்முறையில் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்தால் பல இடங்களில் ஓடிவிடுகிறது. முரண்டு பிடித்தால் இரண்டாவது வழி: கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் விண்டோஸ் 7 32-பிட்டை நிறுவுங்கள். 2 ஜிபி ரேம், 40 ஜிபி இடம் போதும். மேலே சொன்ன எந்தத் தடையும் அங்கே வராது. விர்ச்சுவல்பாக்ஸ் தன்னைப் பழைய கம்ப்யூட்டராகவே காட்டிக்கொள்கிறது. உள்ளிருக்கும் விண்டோஸ் 7-க்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கி, பகிர்ந்த ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்து, விண்டோஸ் 11-லிருந்து பிரின்ட் கொடுங்கள்.

எழுத்துருக்களை மறந்துவிடாதீர்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோட், அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, தெரியாது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகள் உட்காரும் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பவை. கோப்பு மட்டும் வந்து எழுத்துரு வராவிட்டால், பத்து வருடக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். செத்தது கம்ப்யூட்டர்தான், அதன் ஹார்ட்டிஸ்க் உயிரோடு இருக்கலாம். யூஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதில் மாட்டி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் முழுவதையும் நகல் எடுங்கள். இதை முதலில் செய்யுங்கள், மற்றது அப்புறம்.

கேள்வி: அந்த விண்டோஸ் 7-க்குப் பழைய கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எண்ணையே போடலாமா?

பதில்: கம்ப்யூட்டரோடு வந்த ஸ்டிக்கர் உரிமம் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். தனிப் பெட்டியாகக் கடையில் வாங்கியதென்றால், பழையதிலிருந்து நீக்கிவிட்டு இன்னொன்றுக்கு மாற்றலாம்.

கேள்வி: அண்ணா, காலேஜில் சேர்ந்ததற்கு அப்பா லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். விண்டோஸ் 11 ஹோம். எனக்கு 10-தான் பிடிக்கும். பென்டிரைவ் போட்டு ஆரம்பித்தால் எந்த டிரைவில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் இடம் காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதே தம்பி, எஸ்எஸ்டி அங்கேயேதான் இருக்கிறது. 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டே வருகிறது. எஸ்எஸ்டியை அது தன் முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளும். அதற்கான டிரைவர் விண்டோஸ் 10 நிறுவும் கோப்பில் இல்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உன் மாடல் எண்ணைப் போட்டு இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் வை. காலியாக இருக்கும் அந்தத் திரையிலேயே 'லோட் டிரைவர்' என்று இருக்கும். அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். பயாஸில் விஎம்டியை அணைப்பது இன்னொரு வழி. ஆனால் அணைத்தால் இப்போது உள்ளே இருக்கும் விண்டோஸ் 11 பூட் ஆகாது. முழுக்க அழித்துவிட்டுப் போடுவதென்றால் மட்டும் அதைத் தொடு.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. புது லேப்டாப்களில் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டப்பட்டு, அதாவது பிட்லாக்கர் முறையில் என்க்ரிப்ட் ஆகித்தான் இருக்கும். பயாஸில் செக்யூர் பூட், டிபிஎம் போன்ற பாதுகாப்பு அமைப்பு எதையாவது மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். முதலில் அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வை. போனில் படம் எடுத்து வைத்தாலும் சரி. அந்த எண் இல்லாமல் என் கடைக்கு வந்தவர்களின் புராஜெக்ட் கோப்புகளை என்னால் எடுத்துத் தர முடிந்ததே இல்லை. யாராலும் முடியாது.

ஆக்டிவேஷனுக்குக் கவலையில்லை. 11 ஹோம் இருந்த லேப்டாப்பில் 10 ஹோம் போட்டால் இன்டர்நெட் கிடைத்ததும் பெரும்பாலும் தானாகவே ஆகிவிடும்.

சரி, போட முடியும் என்பது ஒன்று, போட வேண்டுமா என்பது இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. தனிநபர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தம் தருவதாக அறிவித்தார்கள். நாலு வருடம் ஓட வேண்டிய காலேஜ் லேப்டாப்பில் இதை நான் போடமாட்டேன். அப்பாவிடம் கேட்டாலும் அதையேதான் சொல்வார், அவர் காரணம் வேறாக இருக்கும்.

கேள்வி: எப்படியோ 10 போட்டுவிட்டேன். வைஃபையே காட்டவில்லை. டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும்.

பதில்: போனைக் கேபிளில் இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனுக்கு விண்டோஸ் 10-ல் தனி டிரைவர் தேவையில்லை.

கேள்வி: பழைய விண்டோஸ் இலேசானது. புது லேப்டாப்பில் போட்டால் பறக்குமே?

பதில்: பறக்காது. 12-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் சில்லுக்குள் இரண்டு வகைக் கோர்கள் இருக்கின்றன. பெரிய வேலைக்குப் பலசாலி, சின்ன வேலைக்குச் சிக்கனக்காரர். எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று சில்லு சொல்லும் குறிப்பைக் கேட்டு நடக்க விண்டோஸ் 11-க்குத் தெரியும். 10-க்கு அந்த மொழி தெரியாது. 7-க்கு எல்லாக் கோரும் ஒன்றுதான். அதனால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். உங்கள் லேப்டாப் மெதுவாக இருக்கிறதென்றால் ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வாங்கும்போதே கம்பெனிக்காரர்கள் ஏற்றிவிட்ட சோதனைக்கால ஆன்டிவைரஸ் உட்காந்திருக்கும்.

கேள்வி: கோயம்புத்தூரில் லேத் பட்டறை. சிஎன்சி மெஷினுக்கு நிரல் அனுப்பும் மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. சீரியல் போர்ட் கேபிள். பழைய கம்ப்யூட்டர் எப்போது வேண்டுமானாலும் நிற்கும் போல இருக்கிறது. புது லேப்டாப்பில் எக்ஸ்பி ஏற்றித் தருவீர்களா?

பதில்: தரமாட்டேன். எக்ஸ்பி 2001-ல் வந்தது. சாட்டா டிஸ்க்கையே ஏஹெச்சிஐ என்ற இணைப்பு முறையில் அதற்கு அடையாளம் தெரியாது. அந்தக் காலத்திலேயே டிரைவரை ஃபிளாப்பியில் வைத்து எஃப்6 அழுத்திக் கொடுப்போம். இல்லாவிட்டால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை. இன்றைய லேப்டாப்பில் அந்த நீலத்திரை வரைக்கும்கூடப் போகாது.

உங்கள் மென்பொருள் எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்துத்தான் வழி. 32-பிட் நிரல் என்றால், நல்ல யூஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று வாங்கி விண்டோஸ் 11-லேயே முயன்று பாருங்கள். ஆர்எஸ்-232, அதாவது அந்தச் சீரியல் போர்ட் முறை, இன்னும் சாகவில்லை. போர்ட் எண் மட்டும் பழைய மென்பொருள் எதிர்பார்க்கும் காம்1, காம்2-க்குள் இருக்கும்படி டிவைஸ் மேனேஜரில் மாற்றிக்கொள்ளுங்கள். டாஸ் காலத்து 16-பிட் நிரல் என்றால் 64-பிட் விண்டோஸ் எதிலும் ஓடாது. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது. 10-ன் 32-பிட் பதிப்போடு அந்தக் கதை முடிந்தது.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன்: உள்ளுக்குள்ளேயே சீரியல் போர்ட் உள்ள, எக்ஸ்பி ஏறக்கூடிய, செகண்ட் ஹேண்ட் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் இரண்டை வாங்குவேன். இப்போது ஓடும் ஹார்ட்டிஸ்க்கை நாளைக்கே முழு இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல், எடுத்து இரண்டு இடத்தில் வைப்பேன். ஒன்றில் எக்ஸ்பியை நிறுவி ஓட விட்டு, இன்னொன்றைப் பாலித்தீன் போட்டு அலமாரியில் ஏற்றிவிடுவேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லேயே ஆதரவு நின்றுவிட்டது. நெட் கேபிள் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள். பட்டறையில் வைரஸ் வருவது பெரும்பாலும் பென்டிரைவில்தான். அதற்கென்று ஒரு பென்டிரைவைத் தனியாக வைத்து, பெயின்ட் அடித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு விண்டோஸ் 11 ப்ரோவோடு 20 லேப்டாப் வாங்குகிறோம். 10 போட்டுக்கொள்ள உரிமை உண்டா?

பதில்: ப்ரோவோடு வந்தால் 10 ப்ரோவுக்கு இறங்கும் உரிமை இருந்தது, ஆனால் 10-க்கு ஆதரவு இருக்கும் வரைதான்; அது 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஹோமுக்கு, தானாக ஆக்டிவேட் ஆனாலும், அந்த உரிமை கிடையாது. வாங்கும்முன் அந்த மாடலுக்கு 10 டிரைவர்கள் கம்பெனித் தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உரிமை ஒருபுறம் இருக்கட்டும், டிரைவர் இல்லாவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: டெலிகிராமில் எல்லா டிரைவரும் சேர்த்த விண்டோஸ் 7 கிடைக்கிறதே, அதைப் போட்டால் வேலை சுலபம்தானே?

பதில்: சேர்த்தவர் டிரைவரை மட்டும்தான் சேர்த்தார் என்று யார் சொன்னது? வாடிக்கையாளர் ஒருவர் அப்படிப் போட்ட லேப்டாப்பில் ஆன்டிவைரஸ், அப்டேட் இரண்டையும் நிரந்தரமாக அணைத்து வைத்திருந்தார்கள். காரணத்தை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். சொந்தக் கோப்பில் சொந்தமாகச் சேர்க்க மைக்ரோசாஃப்டின் டிஸ்ம் கருவியே போதும். நிறுவும் திரையைக் கொண்டுவரும் பூட்.விம் கோப்புக்குள் இரண்டு பிரதிகள் இருக்கும். இரண்டிலும், விண்டோஸ் பதிப்புகள் இருக்கும் இன்ஸ்டால்.விம்மில் உங்கள் பதிப்பிலும் டிரைவரை ஏற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் ஏற்றிவிட்டு "நிறுவும்போது மவுஸ் ஓடியது, ரீஸ்டார்ட் ஆனதும் ஓடவில்லை" என்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். 7 பழகிய கை. 11-ல் ஒன்றும் இருந்த இடத்தில் இல்லை. மாற்றித் தர முடியுமா?

பதில்: விண்டோஸை மாற்ற வேண்டாம் ஐயா, முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டாஸ்க்பார் அமைப்பில் நடுவில் இருப்பதை இடப்பக்கம் தள்ளிவிடுங்கள். ஓபன்-ஷெல் என்ற இலவச நிரலைப் போட்டால் 7-ல் பார்த்த அதே ஸ்டார்ட் மெனு வரும். நீங்கள் நெட் பேங்கிங் பார்ப்பவராக இருப்பீர்கள். விண்டோஸ் 7-ல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் பாஸ்வேர்டு தட்டச்சு செய்வது உங்கள் பழைய வேலைக்கே அடுக்காது.

கேள்வி: ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் 7? மேக்கில் பழைய மேக்ஓஎஸ்?

பதில்: முதலாவது ஆர்ம் சில்லு. விண்டோஸ் 7-க்கு அந்த வகையே தெரியாது. மேக், கடையிலிருந்து எந்தப் பதிப்போடு வந்ததோ அதற்குக் கீழே இறங்காது.

கேள்வி: அண்ணா, எல்லாவற்றையும் முயன்று சொதப்பிவிட்டேன். இப்போது எதுவுமே பூட் ஆகவில்லை. 11-க்கே திரும்ப வேண்டும். காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். விண்டோஸோடு விற்ற லேப்டாப்பில் அதன் எண் மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும் அது போகாது. நண்பரின் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் கருவியை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11 எழுதுங்கள். பயாஸுக்குள் போய் 'லோட் டிஃபால்ட்' கொடுத்து, செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இதனால் விஎம்டியும் பழையபடி வந்திருக்கும், டிஸ்க் தெரியாவிட்டால் மேலே தம்பிக்குச் சொன்ன டிரைவர்தான். ஹோமா ப்ரோவா என்பதை நிறுவும்போது அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள்.