எக்ஸிமாவோடு வருபவை

கேள்வி: என் 4 வயது மகனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே எக்ஸிமா என்ற, தோல் வறண்டு அரிக்கும் நோய். இப்போது காலையில் அடுக்குத் தும்மல், இரவில் வறட்டு இருமல். தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கலாம். எக்ஸிமாவில் தோலின் தடுப்புச் சுவர் பலவீனமாகிவிடும். அந்த வெடிப்புகள் வழியே நுழையும் தூசிப்பூச்சித் துகள், உணவுத் துகள் போன்றவற்றை உடல் எதிரியாகப் பார்க்கப் பழகிவிடுகிறது. உணவு ஒவ்வாமை, மூக்கு ஒவ்வாமை, ஆஸ்துமா மூன்றும் இந்தப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இருமலோடு விசில் போன்ற மூச்சுச் சத்தமோ, ஓடினால் இளைப்போ இருந்தால் ஆஸ்துமாவுக்குப் பரிசோதியுங்கள். நீங்களாகப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். வளர்ச்சி பாதிக்கும், நீண்ட நாள் நிறுத்திய உணவை மறுபடி கொடுக்கும்போது கடும் ஒவ்வாமையும் வரலாம்.

எக்ஸிமா உள்ள தோலில் தேன் நிறப் பொருக்கும் நீர்க்கசிவும் பாக்டீரியா தொற்றின் அடையாளம். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு: 1 முதல் 3 மி.மீ. அளவில், துளையிட்டதுபோல ஒரே மாதிரிப் புண்கள் கூட்டமாக, வலியோடும் காய்ச்சலோடும் வந்தால் ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கண்ணை ஓயாமல் கசக்குகிறானா, கவனியுங்கள். நாளடைவில் கருவிழி கூம்பாகப் புடைத்துப் பார்வை கெடலாம். அரிப்பால் தூக்கம் கெட்டுப் பகலில் எரிந்து விழுந்தால், அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.