ஆயிரம் பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப்பை டெலிகிராமுக்கு மாற்றலாமா?

கேள்வி: நான் மன்னார்குடி பக்கம். நெல் அறுவடை வண்டி வைத்திருப்பவர்கள், டிரைவர்கள், மெக்கானிக்குகள் சேர்ந்து 2017-இல் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். 1,024 பேர் நிறைந்து, இரண்டாவது குரூப்பிலும் முந்நூறு பேர் இருக்கிறார்கள். கமிஷனுக்கு வண்டி பிடித்துத் தரும் புரோக்கர்கள் உள்ளே புகுந்து எல்லோர் நம்பரையும் எடுத்துவிட்டார்கள். டெலிகிராமுக்குப் போகலாம் என்கிறார்கள் பாதிப் பேர், அரட்டை ஆப்புக்குப் போகலாம் என்கிறார்கள் சிலர். கும்பகோணத்தில் ஒருவர் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் ஆட்களையும் பழைய செய்திகளையும் அப்படியே மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றலாமா? மாறும் குரூப்புகள் ஏன் பாதியில் செத்துப்போகின்றன? (செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் சில இணைத்துள்ளேன்.)

பதில்: அந்தப் பதினெட்டாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதுதான் அவசரம்.

பழைய செய்திகளை வாட்ஸ்அப்பிலிருந்து கொண்டுவரும் வசதியை டெலிகிராம் 2021 ஜனவரியிலேயே இலவசமாகக் கொடுத்துவிட்டது. டெலிகிராமில் புது குரூப் ஒன்றைத் தொடங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுங்கள். எதில் அனுப்ப என்று கேட்கும்போது டெலிகிராமையும், அதில் உங்கள் புது குரூப்பையும் காட்டுங்கள். அவ்வளவுதான். அனுப்பியவர் பெயரும் தேதியும் சேர்ந்தே வரும். ஆனால் படங்களோடு எடுத்தால் கடைசி பத்தாயிரம் செய்திகள்தான் வரும், படம் இல்லாமல் எடுத்தால் நாற்பதாயிரம். அதனால் இத்தனை வருடச் செய்தியையும் 'அப்படியே' மாற்றித் தருகிறேன் என்பது பொய்.

ஆட்களை மாற்றுவது அதைவிடப் பெரிய பொய். ஒவ்வொருவரும் தானாக ஆப்பை இறக்கிக் கணக்குத் தொடங்கினால்தான் உள்ளே வர முடியும். மொத்தமாக நம்பர்களைத் திணித்தால் அந்தக் கணக்கை ஸ்பாம் என்று முடக்கிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த தஞ்சாவூர் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் சிலர் இப்படி ஒருவரிடம் பணம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டாயிரம் உறுப்பினர் என்று காட்டியது. பெயர்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் எந்த நாட்டுக்காரர்கள் என்றே தெரியவில்லை. மூன்று மாதத்தில் அந்த 'உறுப்பினர்கள்' கடன் ஆப் விளம்பரமும் சூதாட்ட விளம்பரமும் போட ஆரம்பித்தார்கள். கல்யாண ஆல்பம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிவிட்டார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். "அட்மின் போனுக்கு ஒரு ஆறு இலக்க நம்பர் வரும், சொல்லுங்க" என்றோ, "இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்றோ அவர் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அதைக் கொடுத்த நிமிடத்தில் உங்கள் வாட்ஸ்அப் அவர் கையில். உங்கள் பெயரிலேயே "அவசரம், ஐயாயிரம் போடுங்க" என்று ஆயிரம் பேருக்கும் செய்தி போகும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் பணம் கை மாறிவிடும்.

சரி, குரூப்புகள் ஏன் இடம் மாறுகின்றன, ஏன் பாதியில் சாகின்றன?

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றிலேயே பதில் இருக்கிறது. மாசி மாதம், இரவு 11.40. வலங்கைமான் பக்கம் ஈர வயலில் பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் டிராக்கில் ஓடும் அறுவடை வண்டி, நிற்கிறது. டிராக் கழன்று சேற்றில் கிடப்பதை டிரைவர் டார்ச் அடித்துப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். "அண்ணே, மாட்டுனா திரும்பக் கழலுது, என்னன்னு தெரியல." ஆறு நிமிடத்தில் ஒரு மெக்கானிக் எழுதுகிறார்: "டென்ஷன அப்புறம் பாக்கலாம் தம்பி, முன்னாடி ஐட்லர் பேரிங் ஆடுதா பாரு." (ஐட்லர் என்பது டிராக்கை முன்னால் தாங்கும் சக்கரம்.) பன்னிரண்டே காலுக்குள் அந்த பேரிங் எந்த ஊரில் யாரிடம் கிடைக்கும் என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். அதற்குக் கீழே புரோக்கர்களின் ஒரே மாதிரி ஐந்து விளம்பரம்: "40 ஏக்கர் ரெடி, வண்டி வேணும், உடனே போன் பண்ணவும்." அந்த மெக்கானிக் போன வருடம் தினமும் பேசியவர், இந்த சம்பாவில் இரண்டே முறைதான் பேசினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி கேட்பவர்கள் எங்கேயும் கிடைப்பார்கள். பதில் சொல்கிற முப்பது பேர் எங்கே இருக்கிறார்களோ அதுதான் குரூப். அவர்கள் சொல்வது விளம்பரத்துக்கு அடியில் புதைய ஆரம்பித்தால், சண்டை போடாமல் அமைதியாக ஒதுங்கிவிடுவார்கள்.

உலக அளவிலும் இதே கதைதான். விஞ்ஞானிகள், பொருளாதாரப் பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள் எல்லாம் வருடக்கணக்கில் ட்விட்டரில் கூடிப் பேசினார்கள். 2022 அக்டோபர் 27 அன்று அது எலான் மஸ்க் கைக்குப் போனது. பணம் கட்டி நீல டிக் வாங்கியவர் பதில் மேலே, விஷயம் தெரிந்தவர் பதில் கீழே என்று ஆனது. ஆராய்ச்சிக்காரர்கள் இலவசமாகத் தரவு எடுத்துக்கொண்டிருந்த வழியையும் 2023-இல் அடைத்தார்கள். ஆக, ஆட்கள் கிளம்பியதற்குக் காரணம் ஆப் பழசானதல்ல, பேச்சு புதைந்துபோனதுதான்.

கிளம்பியவர்கள் முதலில் ட்விட்டர் மாதிரியே உள்ள மாஸ்டடான் என்ற தளத்துக்குப் போனார்கள். உள்ளே நுழையும்போதே எந்த சர்வரில், அதாவது எந்தக் கிளையில், சேர வேண்டும் என்று கேட்டது. பழைய நண்பர்களை ஒவ்வொருவராகத் தேட வேண்டியிருந்தது. பலர் கணக்கைத் தொடங்கியதோடு சரி, பழைய இடத்துக்கே திரும்பினார்கள். 2024-இல் அதே மாதிரி இன்னொரு தளமான ப்ளூஸ்கை 'ஸ்டார்ட்டர் பேக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒருவர் தன் துறை ஆட்கள் ஐம்பது அறுபது பேரைப் பட்டியல் போட்டு வைப்பார். புதிதாக வருபவர் ஒரே தொடலில் எல்லோரையும் பின்தொடரலாம். அந்த நவம்பரில் அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு ப்ளூஸ்கை இரண்டு கோடிக் கணக்கைத் தாண்டியபோது, துறை துறையாகக் கூட்டமாக ஆட்கள் போக இதுதான் வழி செய்தது. தனியாகப் போனவன் திரும்பி வருவான், செட்டாகப் போனவர்கள் தங்கிவிடுவார்கள்.

நம் போனிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கையை மாற்றுகிறது என்றதும் எல்லோரும் சிக்னல் ஆப்பை இறக்கினோம். பள்ளிக்கூட குரூப்பும் உரக்கடையும் வாட்ஸ்அப்பிலேயே இருந்ததால் திரும்பிவிட்டோம். அரட்டையும் அப்படித்தான். நம் தமிழ்நாட்டு ஜோஹோ செய்தது, 2025 செப்டம்பர் கடைசியில் லட்சக்கணக்கானோர் இறக்கினார்கள். நல்ல முயற்சி. ஆனால் உங்கள் மெக்கானிக்குகள் அதில் இல்லாதவரை உங்களுக்கு அது வெறும் வீடு.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் யோசிக்காமல் கிளம்ப வேண்டும்: தளமே மூடப்படும்போது. இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை, அதனால் நீட்டியே சொல்கிறேன். ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2 அன்று. யாகூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். நம் நாட்டிலேயே தொடங்கிய கூ என்ற ஆப் 2024 ஜூலையில். இவற்றிலாவது கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. 2020 ஜூன் 29 இரவு டிக்டாக்கையும், தமிழில் பலர் புழங்கிய ஹலோ ஆப்பையும் அரசு தடை செய்தபோது அதுவும் இல்லை. நாற்று நடுவதையும் டிராக்டர் ரிப்பேரையும் வீடியோ போட்டு ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்தவர்களிடம் அவர்களில் ஒருவர் நம்பர்கூட இல்லை.

அதனால் நீங்கள் எங்கேயும் போகாவிட்டாலும் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். பெயர், ஊர், போன் நம்பர், பெல்ட் வண்டியா டயர் வண்டியா, எந்த ரிப்பேரில் கெட்டிக்காரர். குறைந்தது பதில் சொல்கிற அந்த முப்பது பேருக்காவது எழுதுங்கள். கஜா புயலின்போது, 2018 நவம்பரில், டவர் விழுந்து எந்த ஆப்பும் வேலை செய்யவில்லை. பக்கத்து ஊரில் ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் அன்றைக்கு உதவினான்.

இனி என் யோசனை. மொத்தக் குரூப்பை மாற்ற வேண்டாம். வேலை கேட்பதும் கொடுப்பதும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும், விவசாயிகளும் அங்கேதான் இருக்கிறார்கள். ரிப்பேர் பேச்சை மட்டும் டெலிகிராமுக்குக் கொண்டுபோங்கள். புதிதாகச் சேருபவருக்கும் பழைய பதில்கள் அங்கே தெரியும், தேடினால் கிடைக்கும். நம்பரை மறைத்துக்கொள்ளலாம். பெல்ட், என்ஜின், உதிரிபாகம் என்று தலைப்பு வாரியாகப் பிரிக்கவும் முடியும். நம்பரை மறைத்தாலும் பெயரோடு ஊரைப் போடச் சொல்லுங்கள். ஊர் தெரியாதவன் பேச்சை நம்பி யாரும் கியர்பாக்ஸைப் பிரிக்க மாட்டார்கள்.

லிங்கைக் குரூப்பில் போடாதீர்கள், போட்டால் புரோக்கர்தான் முதல் ஆளாக வருவார். அந்த முப்பது பேருக்கும் நீங்களே போன் செய்து, ஒரே நாளில் உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு வாரம் அவர்கள் மட்டும் பேசட்டும், அப்புறம் மற்றவர்கள். வாட்ஸ்அப் பக்கம் புதியவர்களை அட்மின் அனுமதித்தால்தான் சேரலாம் என்று மாற்றி வையுங்கள். மணிக்கு இவ்வளவு கமிஷன் என்று விவசாயியிடமும் வண்டிக்காரரிடமும் இரண்டு பக்கமும் வாங்குகிற ஆள் என்று தெரிந்தால் தயங்காமல் நீக்குங்கள்.

அந்தப் புரோக்கர்களைப் பற்றித் தளத்திடம் புகார் செய்து காத்திருக்காதீர்கள். பெரிய தளங்கள் புகார் அதிகாரி வைக்க வேண்டும், 24 மணி நேரத்தில் புகார் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. 2023-இல் மேல்முறையீட்டுக் குழுவும் வந்தது. எல்லாம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. என் கணக்கை ஒரு தளம் காரணம் சொல்லாமல் முடக்கியபோது, ஒப்புக்கொண்ட பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. அதற்கடுத்து வந்ததெல்லாம் அதே பதிலின் நகல்கள். ஒரு மனிதக் குரல்கூடக் கேட்கவில்லை. நம் ஆட்களின் பிழைப்பே இந்த ஆப்களில் ஓடும்போது, தமிழில் பேச ஒரு ஆளை உட்கார வைக்க இவர்களுக்கு என்ன தடை?

இதை இப்போதே செய்யாதீர்கள். தை, மாசி அறுவடையில் யாருக்கும் புது ஆப் பழக நேரமிருக்காது. அறுவடைக்காகக் கேரளாவின் குட்டநாட்டுக்குப் போன வண்டிகள் திரும்பி, ஷெட்டில் நிற்கும் வைகாசியில் ஆரம்பியுங்கள். முதலில் அந்த மெக்கானிக்கை நேரில் போய்ப் பார்த்து, அவரையே அட்மின் ஆக்குங்கள். குரூப்பில் முதல் செய்தியாக அந்த வலங்கைமான் படத்தையும், கீழே அவர் சொன்ன ஐட்லர் பேரிங் பதிலையும் போட்டு வையுங்கள்.