கோத்தகிரிப் பக்கம் பசங்களை டிரையல்ஸ் பைக் விளையாட்டுக்குக் கொண்டுவர முடியுமா? செலவு தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். மோட்டார் விளையாட்டுகளில் அதிகம் கையைக் கடிக்காதவற்றில் இதுவும் ஒன்று. வேகத்துக்கு இங்கே வேலையில்லை. பாறையும் வேரும் சேறுமான ஒரு சின்னப் பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. கடக்க முடியாமல் போனால் 5. குறைந்த புள்ளி எடுத்தவர் ஜெயிப்பார்.

போட்டிக்கென்றே செய்த வண்டி சுமார் 70 கிலோதான், உட்காரச் சீட்டும் இருக்காது. ஆனால் விலை அதிகம். புதியவர்களிடம் முதலிலேயே அதைக் காட்டி மிரட்டாதீர்கள். வீட்டில் நிற்கும் பழைய 100 சிசி வண்டி போதும். முன் ஸ்பிராக்கெட்டை, அதாவது எஞ்சின் பக்கம் செயினை இழுக்கும் பல்சக்கரத்தை, ஒரு பல் குறைவானதாக மாற்றினால் இன்னும் மெதுவாக, திணறாமல் ஏறும். மிச்சமாகும் பணத்தை ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறைக்குப் போடுங்கள். அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

முதல் நாள் பாறைப் பக்கமே போக வேண்டாம். லைசென்சுக்குப் போட்ட அதே எட்டைப் போடச் சொல்லுங்கள், ஆனால் ஃபுட்ரெஸ்டில் நின்றுகொண்டு: முதல் கியர், முழங்கால் லேசாக மடங்கியபடி, இரண்டு விரல் கிளட்ச்சிலேயே. பத்தடி போவதற்குள் வியர்த்துவிடும், அப்புறம் விடவே மாட்டார்கள்.

இடத்துக்குத் தெரிந்தவர்களின் தோட்டத்தில் அனுமதி கேளுங்கள். சோலைக்காட்டிலும் புல்வெளியிலும் சக்கரம் படவே கூடாது.