ஐஎஃப்ஆர்ல, அதாவது கருவிகள வெச்சு பறக்குற விதிப்படி போறப்ப, நான் கேட்ட உயரம் ஒண்ணு, கண்ட்ரோலர் குடுக்குறது ஒண்ணு. மாட்டேன்னு சொல்லலாமா?

தாராளமா சொல்லலாம். நீங்க சின்ன சிங்கிள் எஞ்சின் ஓட்டுறவர், ஐஎஃப்ஆர்ல பறக்குறதுக்கான ரேட்டிங் இப்பதான் வாங்கியிருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு எழுதுறேன். எனக்கும் அந்த சமயத்துலதான் இந்த சந்தேகம், வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் கேக்கல.

கிழக்கால போனா ஒத்தப்படை ஆயிரம் அடி, மேற்கால போனா ரெட்டைப்படைன்னு படிச்சு ஃப்ளைட் பிளான் ஃபைல் பண்ணியிருப்பீங்க. ஆனா அது வெறும் கோரிக்கைதான், கண்ட்ரோலர் பொறுப்புல இருக்குற வான்பகுதில (கண்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ்) எதிர்ல வர்ற டிராஃபிக், பக்கத்து கண்ட்ரோலர் பாத்துக்குற அடுத்த செக்டரோட ஏற்பாடுன்னு எதையாவது பார்த்து வேற உயரம் குடுப்பாங்க.

நான் ஒரு தடவ மேற்கால 6000 அடி கேட்டேன், 8000 குடுத்தாங்க, மறுபேச்சில்லாம ரீட்பேக் பண்ணிட்டு (அவங்க சொன்னத திருப்பிச் சொல்லிட்டு) ஏறிட்டேன். மேகத்துக்குள்ள வெளி டெம்பரேச்சர் மைனஸ் 2. இறக்கையத் தாங்குற கம்பி (ஸ்ட்ரட்) முன்பக்கம் வெள்ளையா மெல்லிசா ஒரு கோடு, இதுக்குப் போய் கூப்பிடுறதான்னு விட்டேன். பத்து நிமிஷத்துல அது விரல் தடிமன் ஆயிடுச்சு, 110 நாட் வேகத்துல போனது 95க்கு வந்துடுச்சு, பவர் முழுசா குடுத்தும் உயரம் புடிக்க மூக்க தூக்கிக்கிட்டே போறேன். ரேடியோல பேரம் பேசாதன்னு எனக்கு கத்துக்குடுத்தவர் திட்டினது அப்பவும் காதுல கேக்குது. கடைசில வாயத் தொறந்து "ஐஸ் புடிக்குது, 6000 உடனே வேணும்"னேன். அந்த ரூட்ல எம்ஈஏ (ஐஎஃப்ஆர்ல பறக்கக்கூடிய குறைஞ்சபட்ச உயரம்) 5000, அதனால இறங்க இடம் இருந்துச்சு. அரை நிமிஷத்துல குடுத்துட்டாங்க, ஒரு வார்த்த கோவம் இல்ல. 6000ல பிளஸ் 2. கண்ணாடி ஓரத்துல இருந்த ஐஸ் விரிசல் விட்டு பலகையா வழுக்கிட்டுப் போச்சு, அப்பதான் மூச்சே வந்துச்சு.

ஐஸ நீக்குற டீஐஸ் வசதி இல்லாத விமானத்துல மேகத்துக்குள்ள ஏன் போனன்னு சிலர் வருவீங்க. ஃபோர்காஸ்ட்ல ஃப்ரீஸிங் லெவல் (டெம்பரேச்சர் பூஜ்யத்துக்கு வர்ற உயரம்) 9000, நெசத்துல 7000 கிட்ட இருந்திருக்கு, பாக்காம கிளம்பல.

அதனால முடியாதுன்னா ரீட்பேக்குக்கு முன்னாடியே "அனேபிள்" சொல்லி காரணத்தையும் ஒரு வார்த்தைல சொல்லிடுங்க. ஐஸ், ஏற பவர் இல்ல, ஆக்சிஜன் இல்ல, எல்லாமே நியாயமான காரணம்தான். லேட் ஆகலாம், ரூட்ட மாத்தலாம், பரவால்ல. ஒத்துக்கிட்டப்புறம் கண்ட்ரோலரோட புது அனுமதி (கிளியரன்ஸ்) இல்லாம நீங்களா இறங்கக் கூடாது, எமர்ஜென்சி மட்டும் விதிவிலக்கு.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. அன்னிக்கு வாடகைக்கு எடுத்த விமானத்துல ஆட்டோபைலட் உயரத்த 200 அடி நழுவ விட்டுச்சு, பழுது நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சேன். அடுத்த மாசம் போனா என் கையெழுத்து அப்படியே இருக்கு, அதுக்குக் கீழ சரிபண்ணதா ஒரு கையெழுத்து இல்ல, நடுவுல எத்தன பேர் அதுல மேகத்துக்குள்ள போனாங்களோ.