படம் பார்த்து அழுவது ஒரு வருத்தமா, டொக்டர்?

கேள்வி: எனக்கு வயது 53. பெரியகல்லாறு. பாடசாலை ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கிறேன். 2021இல் கொரோனா நேரம் அப்பா காலமானார். மரண வீட்டுக்கு ஆட்களைக் கூட்ட விடவில்லை. மூத்த மகன் என்றபடியால் நான்தான் எல்லாம் நின்று செய்தேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இப்போது ஒரு வருடமாக டீவியில் படம் பார்த்தால், அது உதவாத படமாக இருந்தாலும், அப்பா மகன் காட்சி வந்தவுடன் தொண்டை அடைத்துக் கண்ணீர் வந்துவிடுகிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, லேஞ்சியால் வியர்வை துடைப்பதுபோல் மறைக்கிறேன். பிறகு தலையிடி, நெஞ்சுப் படபடப்பு. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன். இது நரம்புத் தளர்ச்சியா? இதயத்துக்குக் கூடாதா? படம் பார்ப்பதை நிறுத்தவா? மனைவி இதற்கு நேர்மாறு. அவ அழுவதே இல்லை. கடல், வெள்ளம் காட்டும் காட்சி வந்தால் மட்டும் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவா, கூப்பிட்டாலும் வரமாட்டா. சுனாமியில் அவவின் தங்கச்சி போனவ.

பதில்: அண்ணன், நரம்புத் தளர்ச்சி இல்லை. அழுவதால் இதயத்துக்குக் கேடு வரப்போவதும் இல்லை. படத்தை நிறுத்த வேண்டாம். நீங்கள் கேட்டதற்கு இவ்வளவுதான் பதில், ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த மூன்று வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கண்ணீரைப் பார்ப்போம், ஏனென்றால் இதே கேள்வியை வேறு விதமாகக் கிளினிக்கில் நிறைய ஆண்கள் கேட்கிறார்கள், அதுவும் மனைவி வெளியே போன பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு.

திரையில் நடப்பது நடிப்பு என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அதைத் தெரிந்து வைத்திருப்பது மூளையின் முன்பகுதி. காட்சியும் சத்தமும் அங்கே மட்டும் போவதில்லை, உள்ளே ஆழத்தில் இருக்கும் அமிக்டலா போன்ற பகுதிகளுக்கும் போகின்றன. ஆபத்து, இழப்பு, பாசம் எல்லாவற்றுக்கும் உடம்பைத் தயார் பண்ணுவது அவற்றின் வேலை, இது கதையா நிசமா என்ற விசாரணைக்காக அவை காத்திருப்பதில்லை. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மாறுகிறது. அதிக காற்று போகட்டும் என்று குரல்வளை வாய் அகலத் திறக்கிறது, அந்த நேரம் பார்த்து நீங்கள் எச்சிலை விழுங்கப் பார்க்கிறீர்கள், விழுங்குவதற்கு அது மூட வேண்டும். இந்த இழுபறியைத்தான் தொண்டை அடைக்கிறது என்கிறோம், அங்கே கட்டியும் இல்லை ஒன்றும் இல்லை. அப்புறம் உடம்பை ஆற்றுகிற நரம்புப் பக்கம் வேலையைத் தொடங்க, கண்ணீர்ச் சுரப்பி திறக்கிறது. கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய் இருப்பதால் மூக்கும் சேர்ந்து ஒழுகும். லேஞ்சியால் எவ்வளவு மறைத்தாலும் மூக்குறிஞ்சும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும், பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

உதவாத படத்துக்கும் ஏன் அழுகை வருகிறது? நூறு வருடத்துக்கு முன் குலெஷோவ் என்ற சோவியத் இயக்குநர் ஒரு வேலை செய்தார். ஒரு நடிகரின் முகம், அதில் ஓர் உணர்ச்சியும் இல்லை. அதே முகத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை சூப் கோப்பையை ஒட்டினார், ஒருமுறை சவப்பெட்டியை ஒட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியைக் கண்டார்கள், இரண்டாவதில் துக்கத்தைக் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. முகம் மாறவே இல்லை, துக்கம் பார்த்தவர்களிடமிருந்து அந்த முகத்துக்குப் போனது. உங்கள் விஷயமும் இதுதான். அந்தப் படத்து அப்பா எப்படி நடித்தாலும் உங்களுக்கு அக்கறை இல்லை, அந்த இடத்தில் நிற்பது உங்கள் அப்பா. இயக்குநர்மாருக்கும் இது நன்றாகத் தெரியும், அதனால்தான் நடிப்பு போதாத இடத்தில் வயலினைக் கூட்டிவிடுகிறார்கள். அது கொஞ்சம் கள்ளத்தனம்தான், ஆனாலும் வேலை செய்கிறது. பிடித்த இசை கேட்டு மயிர்க்கூச்செறியும் நேரத்தில் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற இரசாயனம் சுரப்பதை 2011இல் ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்தே காட்டினார்கள்.

தொல்காப்பியர் அழுகைக்கு நாலு காரணம் எழுதிவைத்திருக்கிறார்: பிறர் இகழ்வது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. நோயாளிகளிடம் எந்தக் காட்சியில் கண்ணீர் வருகிறது என்று கேட்கும்போது நான் இந்த நாலையும் மனதில் வைத்துக்கொள்வேன், அனேகமாக ஒன்றில் போய் நிற்கும். உங்களுக்கு இழப்பு. மரண வீடு ஒன்று ஊர் கூடி நடந்திருந்தால் ஒப்பாரி இருந்திருக்கும், கட்டிப்பிடித்து அழ மாமன் மச்சான் வந்திருப்பார்கள், எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் சனம் வந்து அப்பாவைப் பற்றிக் கதைத்துக் கதைத்து உங்களையும் அழ வைத்திருக்கும். கொரோனா அதையெல்லாம் பறித்துக்கொண்டது, உங்களுக்குக் கிடைத்தது அனுமதிக் கடிதமும் நேரக் கட்டுப்பாடும். அந்த நேரம் அழாதது கல்நெஞ்சு இல்லை, ஓடித் திரிந்து வேலை பார்க்கிற மனிதனுக்கு அழ நேரம் இருக்காது. அது இப்போது வருகிறது. இருட்டில், சோபாவில், இன்னொருவருடைய அப்பாவைச் சாட்டி வருகிறது. வரட்டும்.

எங்கள் பக்கத்தில் இது புதிதும் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் வரை, கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை படிக்கும்போது கோவலன் வெட்டுப்படும் இடத்தில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண் கலங்காமல் இருக்கிறவர்களை எண்ணிவிடலாம். கூத்துக் களரியில் அபிமன்யு விழும்போது விடியப்புறம் மூன்று மணிக்கு மண்ணில் குந்தியிருந்து அழுத ஆண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களை யாரும் நரம்பு டொக்டரிடம் கூட்டிப்போகவில்லை. டீவி முன்னால் மட்டும் ஏன் வெட்கம்?

வெட்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் தலையிடிக்கும் படபடப்புக்கும் அழுகையை விட அந்தப் பல்லைக் கடித்தலைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகப்படுகிறேன். அமெரிக்காவில் குரோஸ், லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தொண்ணூறுகளில் ஆட்களைப் படக்காட்சி பார்க்க வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேரிடம் முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று சொன்னார்கள். அப்படி அடக்கியவர்களுக்கு உள்ளே கவலை குறையவில்லை, ஆனால் இதயமும் இரத்தக் குழாய்களும் மற்றவர்களை விட அதிகம் பாடுபட்டன. தாடையை இறுக்கி, கழுத்தை விறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தால் எனக்கும் தலையிடிக்கும். ஆகவே அடுத்த முறை லேஞ்சியை வியர்வைக்கு என்று சாட்டாமல் கண்ணுக்கே பாவியுங்கள். பிள்ளைகள் சிரித்தால் அப்பப்பாவின் நினைவு வந்தது என்று சொல்லிவிடுங்கள், சிரிப்பு தானாக நிற்கும்.

அழுதால் மனம் லேசாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது உடனே நடப்பதில்லை. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோகப் படம் காட்டி 2015இல் வெளியிட்ட ஆய்வில், அழுதவர்களின் மனநிலை படம் முடிந்தவுடன் கீழே போயிருந்தது, அழாதவர்களுக்கு மாற்றமில்லை. இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தார்கள். தொண்ணூறு நிமிடத்தில் படம் பார்க்க முதல் இருந்ததை விடவும் நன்றாக இருந்தார்கள். அதனால் நான் பார்ப்பது அழுதீர்களா இல்லையா என்பதை இல்லை, படம் முடிந்து ஒரு மணி ஒன்றரை மணித்தியாலத்தில் ஆள் எப்படி இருக்கிறார் என்பதை. தேத்தண்ணி குடித்து, நாய்க்குச் சோறு வைத்து, கேற்றைப் பூட்டிவிட்டு நித்திரைக்குப் போக முடிகிறதா? அப்படியென்றால் சரி. அடுத்த நாளும் அதே பாரம், இரண்டு கிழமைக்கு மேல் அனேகமான நேரம் மனம் கனத்துக் கிடக்கிறது, சாப்பாட்டில் விருப்பமில்லை, விடியப்புறமே முழிப்பு வந்துவிடுகிறது, முந்திப் பிடித்தது ஒன்றும் பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோய், அதற்கு வைத்தியம் வேண்டும். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் இரண்டு கிழமை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், 1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் கதைக்கலாம்.

இன்னொரு விதமான அழுகையும் இருக்கிறது. மனதில் கவலையே இல்லாமல், விளம்பரத்துக்கும் செய்திக்கும் திடீரென்று அழுகையோ சிரிப்போ பொங்கி, நிறுத்த முடியாமல் போவது. பாரிசவாதம் வந்தவர்களிடம் இதைக் காண்கிறோம், மூளையில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பாதை அடிபட்டால் வரும். குளிசை இருக்கிறது. உங்களுடையது அது இல்லை.

பிரஷர் விஷயம். உணர்ச்சி கூடும்போது பிரஷர் ஏறும், இறங்கும், மாடிப்படி ஏறினாலும் அப்படித்தான். அழுது முடித்த கையோடு மெசினைக் கட்டிப் பார்த்துவிட்டுப் பயந்து இரண்டாவது குளிசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலையை மட்டும் செய்ய வேண்டாம். காலையில் ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு அளவெடுத்து, ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெரிய அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகச் சோர்ந்துபோகும் ஒரு நிலை உண்மையாகவே உண்டு, ஜப்பானிய வைத்தியர்கள் முதலில் விவரித்தது, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும். ஆனால் அது நெருங்கியவர் செத்த செய்தி போன்ற அடிக்கு வருவது, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காகப் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை. படபடப்பு படம் இல்லாத நேரமும் வந்தால் ஓர் ஈசிஜி எடுங்கள். நெஞ்சை அமத்துகிற வலி, வியர்வை, கை தாடைக்குப் பரவுகிற நோவு என்றால் படமாவது மண்ணாவது, உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி மனைவி.

நீங்கள் அழுகிறீர்கள், அவர் எழும்பிப் போகிறார். வீட்டில் எல்லோரும் உங்களைத்தான் பலவீனமானவர் என்று நினைத்திருப்பார்கள், நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு யோசனை அவரைப் பற்றி. 2004 மார்கழி 26இல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், கல்லாற்றிலிருந்து கல்முனை, மருதமுனை, திருக்கோவில் என்று இந்தக் கரை முழுக்க எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு பெயர் இருக்கும். தன் கதையை இன்னொருவர் கதைக்குள் வைத்து அழ உங்களால் முடிகிறது, ஏனென்றால் உங்களுக்கும் திரைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. மனவடு உள்ளவருக்கு அந்த இடைவெளி இல்லை. திரையில் அலை எழும்பினால் அவருக்கு அது படம் இல்லை, அன்றைய காலை திரும்ப நடக்கிறது, அதே இரைச்சல், அதே ஓட்டம். அதிலிருந்து தப்பத்தான் குசினி. இருபது வருடம் கடந்தாலும் இது இருக்கலாம், காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று இதில் நம்பி இருக்க முடியாது.

இதை வைத்து அவருக்கு நோய் என்று நான் முடிவு கட்டவில்லை. பிடிக்காததைப் பார்க்காமல் எழும்பிப் போவது யாருக்கும் உள்ள உரிமை, மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால் விட்டுவிடலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. இரவில் கெட்ட கனவு கண்டு எழும்புகிறாரா? கதவு அடித்தால், வெடிச் சத்தம் கேட்டால் திடுக்கிட்டு, பிறகு நெடுநேரம் ஆறாமல் இருக்கிறாரா? மார்கழி வந்தால் எரிச்சலும் பேசாமையும் கூடுகிறதா? கடற்கரைப் பக்கம் போக வேண்டிய கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றையும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தவிர்க்கிறாரா? தங்கச்சியின் பெயரையே எடுப்பதில்லையா? இவற்றில் சிலவற்றுக்கு ஓம் என்றால் காட்ட வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பழக்கிவிடுகிறேன் என்று கையைப் பிடித்து இருத்தி அந்தக் காட்சியைப் பார்க்க வைக்காதீர்கள், குசினிக்குள் நிற்கிறவரைக் கூப்பிடவும் வேண்டாம். பயந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது ஒரு சிகிச்சைதான், ஆனால் பயிற்சி பெற்றவர் அவருடைய வேகத்துக்குச் செய்வது அது, வீட்டு ஆள் ரிமோட்டை வைத்துக்கொண்டு செய்வது இல்லை. சுனாமி நினைவு நாளில் அந்த வீடியோக்களையே திரும்பத் திரும்பப் போடும் சனல்களை அன்றைக்கு மூடிவைத்தால் நல்லது, அவர்களுக்கு அது அஞ்சலியாக இருக்கலாம், உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம்.

ஆதார வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது, களுவாஞ்சிகுடியில் என்ன நாள் என்று கேளுங்கள், அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போனவுடன் ஊசி போட்டுப் படுக்க வைப்பார்கள் என்று சனம் பயப்படுகிறது, அப்படி ஒன்றும் இல்லை. முதல் நாள் அனேகமாகக் கதைதான். சிலருக்குப் பேச்சுச் சிகிச்சையே போதும், சிலருக்குச் சேர்ட்ரலின் போன்ற குளிசை சேர்த்துக் கொடுப்பார்கள், அது வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், இடையில் விட்டுவிடக் கூடாது. கேட்கும் விதத்தில் கேளுங்கள். "உனக்கு மண்டைப் பிழை, வா" என்று தொடங்கினால் வரமாட்டார். உங்கள் அப்பா விஷயத்தை முதலில் சொல்லுங்கள், எனக்கு இப்படி வருகிறது, நானும் கதைக்க வேண்டும், இரண்டு பேரும் போவோம் என்று. வெளி வாங்கிலில் இருந்து போன் பார்க்காமல், அவர் விரும்பினால் உள்ளேயும் கூட இருங்கள். பிரஷர் எழுதிய கொப்பியையும் கொண்டுபோனால் ஒரே நடையில் உங்கள் குளிசையின் அளவையும் பார்த்துக்கொண்டு வரலாம்.