ஒன்பதரைக்குத் திரும்ப வேண்டியவளை முதலில் கேளுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயது. சொந்த ஊர் கோபி பக்கம் ஒரு கிராமம். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி வேலை, அங்கேயே வீடு எடுத்து நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கிறோம். வரும் சனிக்கிழமை எங்களோடு காலேஜில் படித்தவள் சென்னையிலிருந்து வருகிறாள். ஆறு பேரும் ராத்திரி எங்காவது வெளியே போகலாம் என்று பத்து நாளாக வாட்ஸ்அப்பில் பேசுகிறோம், ஒரு முடிவும் வரவில்லை. ஒருத்திக்கு பப் போக ஆசை. ஒருத்தி பீளமேட்டில் லேடீஸ் ஹாஸ்டல், ஒன்பதரைக்கு கேட் சாத்திவிடுவார்கள். ஒருத்தி சுத்த சைவம். இன்னொருத்தி இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், கையில் காசு இல்லை, ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டாள். சென்னைக்காரியோ, "உங்க ஊர்ல எட்டு மணிக்கு மேல என்னடி இருக்கு?" என்கிறாள். கடைசியில் வழக்கம்போல மாலுக்கே போய் முடிந்துவிடுமோ என்று வெசனமாக இருக்கிறது. கோயம்புத்தூரில் ராத்திரி எங்கேதான் போவது?
— பெயர் வேண்டாம், சரவணம்பட்டி

பதில்:

தங்கச்சி, பத்து நாளாக நீங்கள் ஆறு பேரும் இடத்தின் பெயரையே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதை ரெண்டு நாளைக்கு நிறுத்துங்கள். யார் யார் எத்தனை மணிக்கு, எதில், எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் பாதி இடங்கள் தானாக அடிபட்டுப் போகும், மிச்சம் இருக்கும் ரெண்டு மூன்றில் எதைப் பிடித்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த ஒன்பதரை மணி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

எனக்கு உங்கள் வயது இருக்கும்போது, கைபேசி யாரிடமும் இல்லாத காலம், ஐந்து பேர் இதே மாதிரி ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். முதலில் சினிமா, அப்புறம் ஒரு ஓட்டல், அப்புறம் ஐஸ்கிரீம் என்று மூன்று இடம். ஓட்டலில் மேசை கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. எங்களில் ஒருத்திக்கு ஹாஸ்டல் ஒன்பது மணிக்குச் சாத்துவார்கள். எட்டரைக்கு அவள் மெதுவாக, "கிளம்பலாமா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பத்து நிமிஷம் இரு கண்ணு என்றோம். அந்தப் பத்து நிமிஷம் எப்படி ஓடியதென்றே தெரியவில்லை. ஆட்டோவில் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு நாங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டோம். திங்கட்கிழமைதான் தெரிந்தது, பத்தே முக்கால் வரைக்கும் மூடின கேட்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தாளாம், அப்புறம் வார்டன் கதவைத் திறந்து, தாராபுரத்தில் அவள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பி வரச் சொல்லி, அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னாராம். அதற்குப் பிறகு அவள் எங்களோடு ஒரு இடத்துக்கும் வரவில்லை. கூப்பிட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், ஆறு பேரில் யாருக்கு நேரமும் காசும் ரொம்பக் குறைவோ அவளை நடுவில் வைத்து இடத்தைப் பாருங்கள். அவளுக்கு ஒத்துவந்தால் மற்ற ஐந்து பேருக்கும் ஒத்துவரும். மாற்றிப் போட்டால் நடக்காது.

சரி, இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் நாலு பேர் சரவணம்பட்டி, ஹாஸ்டல்காரி பீளமேடு, சென்னைக்காரி உங்களோடுதான் தங்குவாள். சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரம் சுமார் 10 கிலோமீட்டர். சனிக்கிழமை சாயங்காலம் சத்தி ரோட்டில் கணபதியைத் தாண்டுவது எப்படி என்று தினமும் போய்வரும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.எஸ்.புரம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், டி.பி. ரோட்டில் சாயங்காலம் நடப்பதே ஒரு சுகம். ஆனால் அது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பீளமேட்டுக்கு ஒன்பதரைக்குள் திரும்புவது என்றால் கடைசி ஒரு மணி நேரம் முழுக்க கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கும். இந்தத் தடவை வேண்டாம். ரேஸ்கோர்ஸ் போங்கள். அங்கிருந்து அவினாசி ரோட்டைப் பிடித்தால் பீளமேடு நேர்வழி.

போவதை ராத்திரி என்று வைத்துக்கொள்ளாதீர்கள், பொழுதோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் நன்றாக இருக்கும் நேரம் அஞ்சரையிலிருந்து ஒன்பதரை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வெயில் இறங்கியதும் ஊருக்குள் புகுந்துவிடும், நாள் முழுக்க ஏ.சி.யில் உட்கார்ந்த உடம்புக்கு அது எவ்வளவு இதம் என்று வெளியே வந்து நின்றால்தான் தெரியும். சென்னைக்காரிக்கு அதைக் கொடுங்கள். சென்னையில் பார்த்ததையே இங்கேயும் காட்ட முயற்சி செய்தால் எல்லாமே அவளுக்குச் சின்னதாகத்தான் தெரியும்.

அஞ்சரைக்கு வாலாங்குளம் கரைக்கு வந்துவிடுங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, படகும் விட்டிருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளத்துக் கரையும் இப்படித்தான். குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த வள்ளுவர் சிலை இருக்கிறது, வெளியூர் ஆளுக்குக் காட்ட அருமையான ஒன்று, ஆனால் அது பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம், அன்றைக்கு அதையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். ஒரு குளம் போதும். இருட்டினதும் கொசு வரும், தண்ணீர் தேங்கியிருக்கும் நாளில் வாடையும் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடலாம். ஆடி மாதமாக இருந்தால் காற்றோடு சாரலும் சேர்ந்து வரும், ஒரு துப்பட்டாவை எச்சாக எடுத்துப் போங்கள்.

அங்கிருந்து ரேஸ்கோர்ஸ் பக்கம்தான். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். மரநிழலில் நடைபாதை, உட்கார இடம், எந்த நேரமும் குடும்பம் குடும்பமாக ஆள் நடமாட்டம். பெண்கள் ஆறு பேர் சத்தமாகச் சிரித்துக்கொண்டு நடந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் என்று ஊரில் எனக்குத் தெரிந்து அதுதான். பத்து நாள் வாட்ஸ்அப்பில் பேசியதைவிட அந்த ஒரு சுற்றில் அதிகம் பேசிவிடுவீர்கள். மாலில் கிடைக்காதது அதுதான். புரூக்ஃபீல்ட்ஸ், பன் மால், புரோசோன் எல்லாம் நல்ல இடம்தான், மழை பெய்தால் நானே அங்கேதான் போகச் சொல்வேன், கழிவறைக்கு அலைய வேண்டியதும் இல்லை. ஆனால் ஆறு பேர் அங்கே நுழைந்தால் ரெண்டு ரெண்டாகப் பிரிந்து கடைகடையாகப் போய்விட்டு, கடைசியில் ஃபுட் கோர்ட்டில் மேசை தேடும்போதுதான் மறுபடி சேருவார்கள். வருஷம் கழித்துப் பார்க்கும் தோழியோடு அப்படியா சாயங்காலத்தைக் கழிப்பது?

சாப்பாட்டுக்கு வருவோம். சைவக்காரி ஒருத்தி இருப்பதை ஒரு குறையாக நினைக்காதீர்கள், கோயம்புத்தூரில் அது பெரிய வசதி. அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லியும் நெய் ரோஸ்ட்டும் காபியும் என்றால் காசு குறைவானவளும் நிம்மதியாகச் சாப்பிடுவாள், அசைவக்காரிகளும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏழேகால் மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். எட்டைத் தாண்டினால் சனிக்கிழமை குடும்பக் கூட்டம் வந்து, நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும்.

சாப்பாடு அளவாக இருக்கட்டும், ஏனென்றால் வெளியே காளான் இருக்கிறது. சென்னைக்காரிக்கு இதைக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். தள்ளுவண்டியில் அகலமான தோசைக்கல், ஓரத்தில் பொரித்த காளான் முட்டைக்கோஸ் குவியல், ஒருவர் ரெண்டு கரண்டியால் டக் டக்கென்று கொத்திக் கொத்திக் கல்லில் கொதிக்கும் மசாலாவோடு சேர்ப்பார், தட்டில் அள்ளிப் போட்டு மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி நீட்டுவார். காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம், அது நமக்கும் தெரியும், அதற்காக ருசி ஒன்றும் குறைவதில்லை. நாக்கு சுட்டுக்கொண்டே நின்றபடி சாப்பிட வேண்டும். கூட்டம் இருக்கிற வண்டியாகப் பாருங்கள், சரக்கு தேங்காமல் சூடாக இறங்கும்.

காசு விஷயத்தை முன்னாலேயே முடியுங்கள். "ஆளுக்கு 400 ரூபாய், வண்டிக்காசோடு சேர்த்து" என்று குரூப்பில் நீங்களே முதலில் போட்டுவிடுங்கள். புதிதாக வேலைக்கு வந்தவளிடம் தனியாகப் போய், "உனக்கு நான் போட்டுக்கறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவளுக்கு அது காசு இல்லாததைவிட வலிக்கும். தொகை எல்லோருக்கும் ஒன்றாக, எட்டக்கூடியதாக இருந்துவிட்டால் அவள் வாய் திறக்கவே வேண்டியதில்லை. போகும்போது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் போனால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது, 2021 முதல் அப்படித்தான், உங்களுக்கும் தெரியும். வரும்போது பஸ்ஸை நம்ப வேண்டாம், நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். ரெட் டாக்ஸியோ வேறு எதுவோ, ஒன்பது மணிக்கு என்று முன்பே சொல்லி வையுங்கள்.

இப்போது பப் கேட்டவளின் ஆசை. அதை வேண்டாம் என்று தட்டிவிட எனக்கு மனசில்லை, அவள் சம்பாதிக்கிறாள், அவள் விருப்பம். ஆனால் ஆறு பேரையும் அங்கே இழுப்பது சரியில்லை. ஒன்பது மணி வரை ஆறு பேர், அதற்குப் பிறகு விருப்பம் உள்ளவர்கள் மட்டும் என்று ரெண்டாகப் பிரியுங்கள். போகிறவர்கள் முன்னாலேயே போன் போட்டுக் கேளுங்கள், நுழைவுக் கட்டணம் எவ்வளவு, அதைச் சாப்பாட்டில் கழிப்பார்களா, எத்தனை மணிக்குக் கடைசி ஆர்டர் என்று. தமிழ்நாட்டில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், வயதுக்கு ஒரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். குடித்தவள் ஸ்கூட்டியைத் தொடக்கூடாது, இதில் மட்டும் யாருக்கும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். தனியாகவும் யாரும் திரும்பக்கூடாது. போனில் 'காவல் உதவி' செயலியை எல்லோரும் ஏற்றி வையுங்கள், பெண்கள் உதவி எண் 181-ம் அவசர எண் 112-ம் நினைவில் இருக்கட்டும்.

பப் வேண்டாம் என்கிறவர்கள் செகண்ட் ஷோ போகலாம், சென்னைக்காரியையும் கூட்டிக்கொண்டு. எட்டு மணிக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டாள் அல்லவா, அவளுக்கு இதைச் சொல்லுங்கள். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் இந்த ஊரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தர சினிமாக் கொட்டகை கட்டினார், தென்னிந்தியாவின் மிகப் பழைய கொட்டகைகளில் அது ஒன்று, அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். எங்கள் அப்பா மில் தொழிலாளி. பகல் ஷிப்ட் வாரங்களில் எங்களை ரெண்டாம் ஆட்டத்துக்குக் கூட்டிப் போவார். படம் விட்டு ராத்திரி ஒரு மணிக்கு நடந்து வரும்போது ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்கள் பெல் அடித்து, "என்ன படம்ங்க, நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். நான் அப்பா தோளில் பாதித் தூக்கத்தில் இருப்பேன். எட்டு மணிக்கே அடங்கின ஊர் இல்லை இது.

கடைசியாக ஒன்று, ஹாஸ்டல்காரியை இன்றைக்கே வார்டனிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கேட்டால் முடியாது என்பார்கள், நாலு நாள் முன்னால் அப்பா அம்மாவிடம் ஒரு போன் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தால் சில இடங்களில் அரை மணி நேரம் தருவார்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்பதுக்கு வண்டி கிளம்பட்டும். அப்புறம், தெருமுனையில் இறக்கிவிடாதீர்கள். ஒருத்தராவது இறங்கி அவளோடு கேட் வரைக்கும் நடந்து, அவள் உள்ளே போய், வாட்ச்மேன் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.