அறிக்கையில் ‘டைரேட்’ என்று எழுதலாமா?

கேள்வி: சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். போன வாரம் வீடியோ மீட்டிங்கில் கிளையன்ட் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். ‘தி கிளையன்ட் டிட் எ டைரேட் ஆன் அஸ்’ என்று அறிக்கையில் எழுதினேன். அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். டைரேட் என்றால் திட்டுவதுதானே? (வாசகர், பெரும்பாக்கம்)

பதில்: மேனேஜர் சொன்னது சரி. திட்டு எல்லாமே டைரேட் ஆகாது. கோபம் வேண்டும், குற்றச்சாட்டு வேண்டும், முக்கியமாக நீளம் வேண்டும். பார்க்கிங்கில் குறுக்கே வண்டியை விட்டவரிடம் ‘அறிவிருக்கா?’ என்று கேட்பது டைரேட் இல்லை. அதே விஷயத்தை அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் எடுத்து, அங்கிருந்து மெயின்டெனன்ஸ் கணக்கு, லிஃப்ட் ரிப்பேர், போன கோடையில் தண்ணி லாரிக்குக் கொடுத்த காசு என்று, செயலாளரை வாயே திறக்க விடாமல் ஒருவர் பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினால் அது டைரேட்.

தமிழில் ‘வசைமாரி’ இதற்கு மிகப் பக்கத்தில் வரும். ஆனால் வசை என்றதுமே கெட்ட வார்த்தை நினைவுக்கு வரும். டைரேட்டில் அது கட்டாயமில்லை. நல்ல ஆங்கிலத்தில், மரியாதையான சொற்களிலேயே டைரேட் நடத்தலாம். ஏச்சும் சேர்ந்திருந்தால் ‘எ டைரேட் ஆஃப் அப்யூஸ்’ என்பார்கள். வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. அங்கே ‘திராத்தா’ என்றால் சரமாரி. நாம் ‘சரமாரியாகக் கேட்டார்’ என்று சொல்லும்போது உள்ளே இருக்கும் அம்பு மழை போலத்தான். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சு நாடகத்தில் ஒரு பாத்திரம் இடைவிடாமல் பேசும் நீண்ட வசனத்துக்கும் இதுதான் பெயர். அங்கே கோபம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருவோம். டைரேட் என்று எழுதும்போது நடந்ததை மட்டும் சொல்லவில்லை, தீர்ப்பும் சொல்லிவிடுகிறீர்கள். ‘மனிதர் அளவு மீறிக் கத்தினார்’ என்ற தொனி அதில் இருக்கிறது. கிளையன்ட் சொன்னதில் நியாயம் இருந்ததா என்ற கேள்வியே அடிபட்டுப் போய்விடும். நாளைக்கு அந்த அறிக்கை கிளையன்ட் கண்ணில் பட்டால் இன்னொரு மீட்டிங் நிச்சயம். பத்திரிகைக் கட்டுரையிலோ நண்பருக்கு எழுதும்போதோ தாராளமாகப் பயன்படுத்துங்கள். அலுவலகப் பதிவில் வேண்டாம்.

இலக்கணமும் இடிக்கிறது. ‘டிட் எ டைரேட்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘லாஞ்ச்ட் இன்டு எ டைரேட்’ என்பதே வழக்கு. ‘ஆன் அஸ்’ என்பது ‘எங்கள் மேல்’ என்று தமிழில் யோசித்ததால் வந்தது. அங்கே ‘அகெய்ன்ஸ்ட் அஸ்’ வர வேண்டும். வழக்கில் இது பெயர்ச்சொல்தான், ‘ஹி டைரேடட் மீ’ என்று வினையாக்குவதில்லை. வினை வேண்டுமென்றால் ‘ரான்ட்’ இருக்கிறது, ஆனால் அது லேசான சொல். நம் புலம்பலை நாமே ‘சாரி ஃபார் தி ரான்ட்’ என்று சொல்லிக்கொள்ளலாம். தன் பேச்சைத் தானே டைரேட் என்பவர் அபூர்வம். ‘டயட்ரைப்’ இதைவிடக் கசப்பானது, எழுத்தில் வரும் தாக்குதலுக்கும் பொருந்தும்.

சரி, டைரேட்டுக்குப் பதிலாக என்ன எழுதுவது? ‘ஸ்கோல்டட்’ வேண்டாம், அது குழந்தையைத் திட்டுவது போல இருக்கும். ‘ரெப்ரிமாண்டட்’ என்றால் மேலதிகாரி முறைப்படி கண்டித்தார் என்றாகிவிடும். ‘தி கிளையன்ட் எக்ஸ்பிரஸ்ட் ஸ்ட்ராங் டிஸ்ப்ளெஷர்’ (கடும் அதிருப்தி தெரிவித்தார்) என்று ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் எவ்வளவு நேரம் பேசினார், எந்தெந்தக் குறையைச் சொன்னார், அதற்கு நீங்கள் என்ன பதில் கொடுத்தீர்கள் என்பதை வரிசையாகச் சேருங்கள்.